முக்காலியிலிருந்து பார்த்த ஏரி

எங்கள் ஓவியக்கூடத்தில் அவர் எல்லோருக்கும் அண்ணி. அந்தக் குற்றத்துக்கு நான்தான் பொறுப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, கூடத்தின் இந்த முனையில் நின்றுகொண்டு, "அண்ணி, சாவி எங்க?" என்று கத்திவிட்டேன். என் அண்ணன் மனைவியை வேறு எப்படிக் கூப்பிடுவது? மறுநாள் கூட்டிப் பெருக்குகிறவர் அண்ணி என்றார். அடுத்த வாரம் தோட்டக்காரர். மாதம் முடிவதற்குள், அவரைவிட ஏழு வயது மூத்த இயக்குநரே அலுவலகக் கூட்டத்தில், "மூணாம் ரூம் பத்தி அண்ணி சொல்லட்டும்" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கடித்துக்கொள்வதையும் விட்டுவிட்டார்.

அண்ணி மூன்றாம் அறையின் காவலர். காவலர் என்றால் கம்பு, விசில் எல்லாம் கிடையாது. ஒரு முக்காலி. அதுவும் இடது மூலையில், தீயணைப்புச் சிலிண்டருக்குப் பக்கத்தில், சங்கிலியால் சுவரோடு கட்டப்பட்ட முக்காலி. எங்கள் கூடத்தில் இதுவரை ஒரு ஓவியம்கூடத் திருடு போனதில்லை. ஒரு முக்காலி போயிருக்கிறது. அதிலிருந்துதான் சங்கிலி.

அந்த அறையில் இருப்பது ஒரே ஓவியம். ஏழடி அகலம், மூன்றடி உயரம், மேலே கண்ணாடி. ஒரு பாதை, சில மரங்கள், சிவப்புக் கூரை போட்ட வீடு, அப்புறம் ஏரி, தூரத்தில் மலை. இந்த ஏரியைத்தான் அண்ணி பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுகூடச் சரியில்லை. காவலரின் வேலை வருகிறவர்களின் கையைப் பார்ப்பது. யார் விரல் நீள்கிறது, யார் குடை ஓவியத்தின் பக்கம் போகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையெல்லாம் ஒழுங்காக இருக்கும் நேரத்தில்தான் ஏரி.

சொந்த மகளே சின்ன வயதில் ஒருமுறை வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, பெற்ற தாயாலேயே வெளியே அனுப்பப்பட்டாள். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. அவ்வளவு கறார்.

அண்ணிக்கு ஆகாத விஷயம் ஒன்று உண்டு. சிரிப்பு. வருகிறவர்கள் ஓவியத்தின் இடது பக்கம் ஆரம்பித்து மெதுவாக வலது பக்கம் நகர்வார்கள், அங்கே போனதும் களுக்கென்று சிரிப்பார்கள். பெரிய மனிதர்கள்கூட. அந்த அறையில் இருப்பதோ ஓர் ஓவியம், ஒரு சிலிண்டர், ஓர் அண்ணி. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அண்ணி சீருடையைத் தையற்காரரிடம் கொடுத்து இரண்டு முறை பிரித்துத் தைத்தார். தலை வாரும் விதத்தை மாற்றினார். சட்டைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டார். ஒருநாள் கவுண்டருக்கே வந்துவிட்டார்.

"தம்பி, என் மூஞ்சில ஏதாவது இருக்கா?"

"மூஞ்சிதான் இருக்கு, அண்ணி."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். அவருக்கு அது வேடிக்கையாக இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லா அறையிலும் கேமரா மாட்டப் போகிறார்கள், இனி முக்காலிக் காவலர்கள் தேவையில்லை. விரும்புகிற காவலர்கள் ஒரு தேர்வுக்கு வரலாம், எழுத வேண்டாம், வாயால் பேசிக் காட்டினால் போதும். அவரவர் அறையில் உள்ள ஓர் ஓவியத்தின் காட்சிக்கூறுகளைப் பரிசோதகர் முன்னால் விளக்க வேண்டும். தேறினால் அதே அறையில் வழிகாட்டி. தேறாவிட்டால் கீழ்த்தளத்தில், பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் அறை. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை, கதவுகூடப் பாதிதான்.

உத்தரவை வாசித்துக் காட்டியபோது அண்ணியின் முகம் செத்துப்போயிற்று.

"நம்ம வீட்டு ஜன்னலத் திறந்தா என்ன தெரியும், தம்பி?"

"பக்கத்து வீட்டுச் சுவர்."

"சுவரும் அதுல ஒரு பைப்பும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தப் பைப்பத்தான் பாக்கறேன். நான் தூரமா பாக்கறது இந்த ஒரு ரூம்லதான். அதயும் எடுத்துட்டு என்னப் பைக்கு நடுவுல உக்காத்தி வைக்கப் போறாங்களா?"

எனக்கும் ஆத்திரம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறேன், என்னைப் பார்த்து யாரும் எந்த ஓவியத்தையும் விளக்கச் சொல்லவில்லை. காமா சோமாவென்று நாலு பேர் ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட உத்தரவு. ஆனால் உத்தரவைத் திட்டினால் அது மாறுமா? அண்ணி படிப்பதென்று முடிவெடுத்தார்.

வாத்தியார் அவருடைய மகள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஓவியப் புத்தகத்தில் இயற்கைக் காட்சியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. கோடு, வடிவம், நிறம், ஒளியும் நிழலும், ஆழம். சமையலறை மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேள்வி கேட்கிற தோரணையைப் பார்த்தால் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றும்.

"மொதல் விதி என்ன?"

"படத்துக்கு நேர் எதிரே நின்னு அஞ்சு நிமிஷம் பேசாம பாக்கணும்."

"பாத்தியா?"

"அது புதுசா வர்றவங்களுக்கு எழுதினது. பத்தொன்பது வருஷம் பாத்தவளுக்கு அஞ்சு நிமிஷம் எதுக்கு? அடுத்த கேள்வியக் கேளு."

வீட்டில் எதுவும் தப்பவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முன்புலத்தில் தம்ளர், நடுப்புலத்தில் தட்டு, பின்புலத்தில் அண்ணன். பாத்திர அலமாரியில் செங்குத்துக் கோடுகள் அதிகம், அதனால் கண்டிப்பான உணர்வு வருகிறதாம். துவைத்துக் காயப்போட்ட என் சட்டை காட்சியின் சமநிலையைக் கெடுக்கிறது என்று எடுத்து உள்ளே போட்டுவிட்டார். அது காயவே இல்லை.

நிறத்துக்குத் தனி ஆசிரியர், என் அண்ணன். அவன் பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறவன். அவனுக்கு நீலம், பச்சை என்றெல்லாம் பேசத் தெரியாது. எல்லாம் நம்பர். ஆயிரத்து இருநூறு நிறம் அடங்கிய ஷேடு கார்டு எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும். பெண் பார்க்கப் போனபோதே அண்ணியின் உடையைப் பார்த்து எங்கள் அம்மாவிடம், "முந்நூத்தி நாப்பது, நல்லா இருக்கு" என்று சொன்னவன். அண்ணி வாயால் சொல்லச் சொல்ல அவன் கார்டைப் புரட்டி நம்பர் போட்டுக்கொண்டே வந்தான். கூரை எழுநூற்றுப் பதினெட்டு. மரம் ஐந்நூற்று ஆறு. மலை நானூற்றுப் பன்னிரண்டு. ஏரிக்கு வந்ததும் வண்டி நின்றது.

"அந்த வெளிச்சத்துக்கு நம்பர் இல்லைங்க. காலைல பத்து மணிக்குப் பால் மாதிரி இருக்கும். மத்தியானம் கண்ணு கூசும். நாலு மணிக்கு மஞ்சளா எறங்கும்."

"பெயின்ட் மணி பாத்து மாறாது."

"இது மாறும். வெளில மழ வந்தா ஏரியும் கருத்துரும். அப்ப தண்ணி கொறஞ்சு வலது ஓரத்துல ஒரு பழுப்புப் பாறை தெரியும். வெயில் வந்தா தண்ணி ஏறிப் பாறை முழுகிரும். அப்படி வரைஞ்சிருக்கான் அந்த மனுஷன்!"

"கார்டுல இல்லாத கலரே கெடையாது" என்று அண்ணன் முறுக்கிக்கொண்டான். அன்றைக்கு இருவரும் தலையணைக்கு நடுவில் ஷேடு கார்டை வைத்துக்கொண்டு தூங்கியிருக்க வேண்டும். காலையில் இரண்டு முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

தண்ணீர் ஏறுகிற ஓவியம் என்றதும் எனக்கே காதில் பூச்சுற்றுவது போலிருந்தது. கூடத்துக் கடையில் விற்கிற தபால் அட்டையில் அந்த ஓவியம் உண்டு, ஒன்றை வாங்கிவந்து கொடுத்தேன். பாதை இருந்தது, மரம் இருந்தது, வீடு இருந்தது, ஏரி இருந்தது. பாறை இல்லை. "பாத்தியா, இது வெயில் நேரத்துல எடுத்தது" என்றார் அண்ணி. நானும் தலையாட்டினேன். ஏழடி ஓவியத்தை உள்ளங்கை அகல அட்டையில் அடக்க, அச்சடித்தவர் வலது பக்கத்தில் இரண்டடியை வெட்டி எறிந்திருக்கிறார் என்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

நீங்கள் கேட்கலாம். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூடவா எதிரே போய் நின்று பார்க்கவில்லை? உங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த்தொட்டியின் பின்பக்கத்தை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? அண்ணி காலையில் இடது கதவு வழியாக உள்ளே வருவார், முக்காலிக்கு மேலே இருக்கிற சுவிட்சைப் போடுவார், உட்காருவார். சாயங்காலம் சுவிட்சை அணைத்துவிட்டு அதே கதவு வழியாக வெளியேறுவார். பார்க்கிறவர்களுக்குக் குறுக்கே காவலர் நடக்கக் கூடாது என்பது விதி, அண்ணி விதியை மீறினால் வானம் இடிந்து விழும். எதிர்ச்சுவரின் வலது மூலையில் ஆளுயர ஜன்னல் ஒன்று இருக்கிறது, அதன் வெளிச்சம் ஓவியத்துக் கண்ணாடியில் பட்டு நேராக முக்காலிக்கு வருகிறது என்பதை யோசிக்க அங்கே எந்தப் பள்ளிக்கூடப் பெண்ணும் இல்லை. நானோ தேநீர் கொண்டுபோனால் கதவோடு சரி.

தேர்வு நாள் வந்தது. பரிசோதகர் ஒல்லியான அம்மாள், மூக்குக்கண்ணாடி, கையில் கெட்டி அட்டை போட்ட நோட்டு. சிரிக்கவே மாட்டார் போலிருந்தது. பக்கத்தில் இயக்குநர். மூன்று தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனவன் அங்கேயே தங்கிவிட்டேன், கவுண்டரில் யார் நின்றாலும் நிற்கட்டும் என்று.

"எதிரே வந்து நின்னு சொல்லுங்களேன்" என்றார் பரிசோதகர்.

"இங்கேர்ந்தே சொல்றேன், மேடம். எனக்கு இங்கேர்ந்துதான் வாய் வரும்" என்று அண்ணி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரிசோதகர் தோளைக் குலுக்கிவிட்டு ஓவியத்தின் நடுவே நின்றுகொண்டார்.

கோடு பிரமாதமாகப் போனது. பாதை கீழே இடது மூலையில் தொடங்கி வளைந்து போகிறது, நம்மைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறது என்றார். பரிசோதகரின் பேனா ஓடியது. வடிவத்தில்தான் முதல் சறுக்கல்.

"வீடு ரொம்ப ஒடிசலான வீடு. ஒரு ஆள் பக்கவாட்டுல நடந்துதான் உள்ள போக முடியும்."

பரிசோதகர் வீட்டைப் பார்த்தார். ஓவியத்தின் வலது பக்கத்தை இயக்குநரின் முதுகு மறைத்தாலும், எதிரே நின்ற எனக்கு அது நாலு குடும்பம் தங்கலாம் போல அகலமாக இருந்தது. இயக்குநர் இருமினார். அண்ணி நிறுத்தவில்லை. ஒளிக்கு வந்தார். பத்து மணிப் பால், மத்தியானக் கூச்சம், நாலு மணி மஞ்சள், ஏறி இறங்கும் தண்ணீர், முழுகும் பாறை. அந்த முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. பரிசோதகரின் பேனா நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"எந்தப் பாறைங்க?"

"வலது பக்கம், மேடம். பழுப்பா. இப்ப முழுகியிருக்கு."

"அது பாறை இல்லீங்க" என்றார் அவர். குரலில் கேலி இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "கொஞ்சம் எழுந்து வாங்க."

அண்ணி வந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஓவியத்தின் வலது பக்கத்துக்கு நேர் எதிரே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன்.

மாடு.

பழுப்பு மாடு, முழங்கால் அளவு தண்ணீரில், பின்பக்கத்தை முழுசாக நமக்குக் காட்டிக்கொண்டு, வாலைத் தூக்கியபடி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கழுத்தைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறது. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டால் பார்ப்போமே, அந்தப் பார்வை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த மாட்டைப் பார்க்க ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தவன் நான், அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அண்ணி சிரிக்கவில்லை. மாட்டைப் பார்த்தார். திரும்பி ஜன்னலைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். மறுபடி மாட்டைப் பார்த்தார். போயிற்று, கீழ்த்தளம்தான், பையும் டோக்கனும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம்" என்றார் அண்ணி மெதுவாக, "அப்ப இத்தன வருஷமா எல்லாரும் சிரிச்சது இதப் பாத்தா?"

"பின்னே எதப் பாத்து?"

"நான் என்னப் பாத்துன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அண்ணி சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்து, முகத்தைப் பார்க்காமலே என் கையில் கொடுத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"மேடம், மொதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லலாமா?"

பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அண்ணி இந்த முறை ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பார்வையாளர்கள் இருக்கும் பக்கம் திரும்பி, அதாவது எங்கள் பக்கம்.

"உள்ள வர்றவங்க கண்ணு மொதல்ல செவப்புக் கூரைல விழும். ரெண்டு மூச்சு அங்க நிக்கும். அப்புறம் பாதையப் பிடிச்சுக்கிட்டு மரம் வரைக்கும் போகும். அங்க எல்லாருக்கும் தல லேசா இடது பக்கம் சாயும், ஏன்னுதான் தெரியாது."

"மரம் சாஞ்சிருக்கு" என்றார் இயக்குநர். அவர் தலையும் சாய்ந்திருந்தது.

"அதானா! அப்புறம் தண்ணிக்கு வந்ததும் தோள் எறங்கும். கொழந்தையத் தூக்கி வச்சிருக்கறவங்களுக்குக்கூட எறங்கும். சண்ட போட்டுக்கிட்டு வந்த புருஷன் பொண்டாட்டி அங்க வந்ததும் பேச்ச நிறுத்திருவாங்க. ரொம்ப நேரம் நிப்பாங்க. படத்துலயே அதிக நேரம் அங்கதான். அதுக்கப்புறம் வலது பக்கம் ஒரே ஒரு அடி. சிரிப்பு." அண்ணி மாட்டைத் திரும்பிப் பார்த்து விரலை நீட்டினார். நீட்டிய விரல், யாரும் கிட்டே போகாமலிருக்கத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நின்றது. "இவ்வளவு அமைதியாக் கூட்டிட்டு வந்து கடைசில இதக் காட்டியிருக்கான், பாவி. மாடு மொதல்லயே கண்ணுல பட்டுட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க. அதுக்குத்தான் கரையோட மண் நெறத்தையே மாட்டுக்கும் கொடுத்து ஒளிச்சு வச்சிருக்கான். செவப்பக் கொண்டுபோய் அந்தக் கடைசில கூரைக்கு வச்சது, கண்ணு அங்கேர்ந்துதான் கெளம்பணும்னு."

பரிசோதகர் இரண்டு பக்கம் எழுதினார். பிறகு நோட்டை மூடிவிட்டு, "நீங்க சொன்ன அந்த வெளிச்சம்?" என்று கேட்டார்.

"அது உங்க மார்க்குல வராது, மேடம். அது ஜன்னலோடது."

"நான் பாக்கலாமா?"

அவர் முக்காலியில் போய் உட்கார்ந்தார். சங்கிலி கிணுகிணுத்தது. வெளியே மேகம் நகர்ந்தது போலிருக்கிறது, அவருடைய மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் வந்து வந்து போனது. நான் கொண்டுவந்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் அவர் எழுந்தபோது தோள் நன்றாக இறங்கியிருந்தது.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மூன்றாம் அறை வழிகாட்டியாக அண்ணி. சீருடை அதேதான், பெயர் அட்டை மட்டும் புதிது. அதில் முழுப் பெயரும் போட்டிருக்கிறது, இன்றுவரை ஒருத்தரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. கேமராவும் வந்தது. அண்ணி இப்போது நாளெல்லாம் மாட்டுக்கு எதிரே நின்று பேசுகிறார். மாட்டை அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. "நல்ல ஏரியக் கெடுத்து வச்சிருக்கு" என்று என்னிடம் மட்டும் சொல்வார். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அரைமணி நேரம் முக்காலி அவருடையது.

போன வாரம் என் அண்ணன் கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். இத்தனை வருஷமாகக் கடைக்கும் கூடத்துக்கும் ஒரே நாள் விடுமுறையாக இருந்ததில் அவன் இங்கே கால் வைத்ததே இல்லை. டிக்கெட் வேண்டாம் என்றேன், கேட்காமல் வரிசையில் நின்று வாங்கினான். நேராக மாட்டின் எதிரே போய் நின்று வயிறு குலுங்கச் சிரித்தான். மாடு அறுநூற்று முப்பத்திரண்டாம்.

"சிரிச்சது போதும், இப்படி வாங்க" என்று அண்ணி அவனை முக்காலியில் உட்கார வைத்தார்.

அவன் ஷேடு கார்டை விரித்தான். ஒரு தாளைத் தூக்கி ஏரிக்கு நேராகப் பிடித்தான். அடுத்த தாள். அதற்கடுத்த தாள். வெளியே வெயில் மாறிக்கொண்டிருந்தது. வெள்ளை முடிந்து மஞ்சளுக்குப் போனான், மஞ்சளிலிருந்து மறுபடி வெள்ளைக்கு வந்தான். அண்ணி பக்கத்தில் நின்று பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பத்தொன்பது வருஷம் ஊரார் முகத்தைப் பார்த்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் என் அண்ணன் கார்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டான். தோள் இறங்கிற்று.

"மாடு எங்க?" என்று கேட்டான்.

"இங்கேர்ந்து தெரியாதுங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அவர் நிற்கிறாரே என்ற நினைப்பு வந்தவனாக, முக்காலியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான்.